பிள்ளைக்குக் கண்ணகி என்று பெயர் வைக்கலாமா?

4 மே 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

நாங்கள் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறோம். சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் எங்களுக்கு மகள் பிறந்தாள். திருவாதிரை இரண்டாம் பாதம், பெயரெழுத்து 'க' என்று சாத்திரியார் எழுதித் தந்திருக்கிறார். கண்ணகி என்று வைக்க எனக்கும் கணவருக்கும் விருப்பம். ஆனால் மாமி அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே எழுந்து உள்ளே போய்விட்டார். தாலி நிலைக்காத பெயர், வீட்டைக் கொளுத்தும் பெயர், அதையும் சித்திரையில் பிறந்த பிள்ளைக்கா வைப்பது என்று அழுகிறார். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு முன் முடிவெடுக்க வேண்டும். இந்தப் பெயரை வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

4 மே, இரவு

வைக்கலாம். நான் வைத்திருக்கிறேன். என் மகளின் பெயர் கண்ணகி. வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவள், இப்போது தரம் ஒன்பதில் படிக்கிறாள்.

எங்கள் வீட்டிலும் மறுப்பு மாமியிடமிருந்துதான் வந்தது. அவர் புங்குடுதீவைச் சேர்ந்தவர். அந்தத் தீவின் கண்ணகை அம்மன்மீது அவருக்கு இருக்கும் பக்தி பெரியது. இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பின்னரும், வீட்டில் எவருக்குக் காய்ச்சல் கண்டாலும் அந்த அம்மனுக்கே நேர்த்தி வைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார். அப்படிப்பட்டவர் பேத்திக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்றபோது எனக்கு விளங்கவில்லை, நேரே கேட்டேன். "அம்மாள் கோயிலில இருக்கட்டும் பிள்ளை, வீட்டுக்குள்ள கொண்டு வரவேண்டாம்" என்றார். அந்தப் பதிலை நான் இன்றும் மதிக்கிறேன். தெய்வத்தை வைக்க வேண்டிய தூரத்தில் வைத்து வணங்கிய ஒருவரின் பேச்சு அது. உங்கள் மாமியின் அழுகையையும் அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள்.

பிறகு நான் இன்னொன்றும் கேட்டேன். கண்ணகி என்று பெயர் வைத்து வாழ்வு கெட்ட ஒரு பெண்ணையாவது நீங்கள் அறிவீர்களா என்று. மாமி நெடுநேரம் யோசித்தார். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெயரோடு நன்றாக வாழ்ந்தவரும் வரவில்லை, ஏனென்றால் அவருடைய உறவிலும் ஊரிலும் அவருக்குத் தெரிந்து எவரும் அந்தப் பெயரை வைத்ததே இல்லை. இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் அசையாமல் நிற்பதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அச்சம் பெயரை வைக்க விடுவதில்லை. பெயர் வைக்கப்படாததால் அச்சத்துக்கு எதிராகச் சொல்ல ஒரு சாட்சியும் பிறப்பதில்லை.

5 மே, காலை

துன்பப்பட்டவளின் பெயரைச் சூட்டினால் அந்தத் துன்பம் பிள்ளையைத் தொடரும் என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இதை ஒரு பொது விதியாக எடுத்துக்கொண்டால் நம் வீடுகளில் பாதிப் பெயர்களை அழிக்க வேண்டிவரும்.

சீதை காட்டுக்குப் போனாள், சிறையிருந்தாள், தீயில் இறங்கினாள், கருவுற்றிருந்த காலத்தில் கைவிடவும் பட்டாள். அவள் சிறையிருந்த இடம் என்று நம்பப்படும் சீதா எலிய நம் நாட்டில்தான், நுவரெலியாவுக்கு அருகில் இருக்கிறது. ஆயினும் சீதா என்ற பெயருக்குத் தமிழர் வீட்டிலும் தடையில்லை, சிங்களவர் வீட்டிலும் தடையில்லை. தமயந்தியை நளன் நடுக்காட்டில் உறங்க விட்டுப் போனான். இந்தத் தீவில் எத்தனை தமயந்திகள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் தம் அலுவலகத்தில் சுற்றிப் பார்க்கலாம். சந்திரமதி அடிமையாக விற்கப்பட்டாள், மகனைப் பாம்புக்குப் பறிகொடுத்தாள். கண்ணகியின் கதைக்குள்ளேயே மாதவி இருக்கிறாள். கோவலனை இழந்து, அழகும் ஆடலும் துறந்து, துறவு பூண்டவள். அந்தப் பெயரை இனிமையான பெயர் என்று விரும்பி வைக்கிறார்கள். அவளுடைய மகள் மணிமேகலை மணமே இன்றித் துறவியானாள். அந்தப் பெயரையும் வைக்கிறார்கள்.

ஆகவே துன்பக் கதை என்பது மட்டும் இங்கே காரணமாக இருக்க முடியாது. கண்ணகியிடம் மட்டும் இருப்பது எது என்று பார்க்க வேண்டும்.

5 மே, மாலை

தெஹிவளையிலிருந்து எழுதிய வாசகர் என் காலைக் குறிப்புக்குத் தந்த மறுப்பு சரியானது. சீதை, தமயந்தி, சந்திரமதி மூவருமே கணவரை மீண்டும் அடைந்தவர்கள். சீதையாவது பட்டாபிடேகம் வரையில் அவனுடன் இருந்தாள். கண்ணகிக்கு அது கிடைக்கவில்லை என்கிறார். மாதவி தாலி கட்டியவள் அல்லள் என்பதால் ஊர் அவளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆம், அஞ்சப்படுவது துன்பம் அல்ல, கைம்மை. உங்கள் மாமி முதலில் சொன்ன சொல்லும் தாலி என்பதுதான்.

இதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது கடினமானது, ஆனாலும் சொல்கிறேன். 1983 முதல் 2009 வரை நடந்த போரில் வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். என் உறவிலேயே அப்படிப் பலர் இருக்கிறார்கள். மங்களேஸ்வரி, சௌபாக்கியலட்சுமி, மங்கையற்கரசி, பாக்கியம். ஒவ்வொரு பெயரும் நாள் பார்த்து, எழுத்துப் பார்த்து, மங்கலம் நிறைந்ததாகத் தேடி வைக்கப்பட்டது. எறிகணையும் துப்பாக்கிச் சன்னமும் ஒருவரிடமும் பெயர் கேட்கவில்லை. மங்கலப் பெயரால் அவர்களைக் காக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிற நாம், வேறொரு பெயரால் ஒருத்தியைக் கெடுக்க முடியும் என்று எப்படி நம்புவது?

மாமியிடம் இதை வாதமாக எடுத்து வைக்காதீர்கள். அவரும் அந்தப் பெண்களில் ஒருவராக இருக்கக்கூடும்.

6 மே

பெயரெழுத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். திருவாதிரையின் நான்கு பாதங்களுக்கும் பஞ்சாங்கம் தரும் எழுத்துகள் கு, க, ங, ச. இரண்டாம் பாதத்துக்குக் 'க' பொருந்துகிறது. அந்த வகையில் உங்கள் சாத்திரியாரே கண்ணகிக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறார். மூன்றாம் பாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு 'ங' எழுத்தில் பெயர் வைத்தவரை நான் கண்டதில்லை. அங்கே எல்லோரும் மனமறிந்து விலகிக்கொள்கிறார்கள், அதனால் ஒருவருக்கும் அச்சம் வருவதும் இல்லை.

இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என்று இரண்டு வழங்குகின்றன. நட்சத்திரம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இரண்டிலும் ஒன்றாக இருப்பதில்லை. வேறுபாடு சில வேளைகளில் மணிக்கணக்கில் போகும். ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம்தான். ஒரு பஞ்சாங்கத்தில் இரண்டாம் பாதத்தில் பிறந்த பிள்ளை மற்றதில் வேறு பாதத்துக்குப் போய்விடலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒன்றையும் தம்பி மற்றொன்றையும் பின்பற்றுவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்து விடயத்தில் மனக்கிலேசம் இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்சோதிடம் பார்க்கும் வாசகர், கண்ணகி என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் கூட்டுத்தொகை 8 வருகிறது, அது சனியின் எண் என்று எச்சரித்திருக்கிறார். நானும் கூட்டிப் பார்த்தேன். அவர்கள் பின்பற்றும் கணக்கில் 'கே' எழுத்துக்கு 2, 'ஜி' எழுத்துக்கு 3. 'கே' போட்டு எழுதினால் 17, அதாவது 8. 'ஜி' போட்டு எழுதினால் 18, அதாவது 9. ஒரே பிள்ளை, ஒரே பெயர், தமிழில் ஒரே எழுத்து. கடவுச்சீட்டில் ஓர் ஆங்கில எழுத்தை மாற்றினால் சனி போய்ச் செவ்வாய் வந்துவிடுகிறார். இந்தக் கணக்கை நம்பி நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். ஆனால் வீட்டில் எவருக்காவது 8 என்பது உறுத்தினால், 'ஜி' போட்டு எழுதிவிடுங்கள். விட்டுக்கொடுப்பதற்கு அதைவிட எளிதான இடம் கிடைக்காது.

8 மே

காரைதீவிலிருந்து எழுதிய வாசகரின் பதிலை அனைவரும் படிக்க வேண்டும். தன் அம்மம்மாவின் பெயர் கண்ணகை என்றும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, பூட்டப்பிள்ளைகளைக் கண்ட பிறகே அவர் காலமானார் என்றும், அந்தப் பெயரைக் குறித்து அவர்களுடைய ஊரில் எவரும் முகம் சுளித்ததில்லை என்றும் எழுதியிருக்கிறார். முதல் குறிப்பில் சாட்சி பிறப்பதில்லை என்று சொன்னேனே, அந்தச் சாட்சி கிழக்கில் இருக்கிறது. கொழும்பில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து அச்சத்தையே தமிழர் அனைவரின் அச்சமாக எடுத்துக்கொண்டு கதைக்கிறோம்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தம்பிலுவில், காரைதீவு, பட்டிமேடு, செட்டிபாளையம் என்று ஊர் ஊராகக் கண்ணகை அம்மன் கோயில்கள் இருக்கின்றன. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை பாடி, நிறைவில் குளிர்த்தி செய்வார்கள். மதுரையை எரித்த சினத்தைத் தணித்துக் குளிரவைப்பதே அந்தச் சடங்கு. மழை வேண்டியும் அம்மை நோய் தணிய வேண்டியும் ஊர் முழுவதும் கூடி நிற்கும். கொம்புமுறி விளையாட்டில் ஊர் இரண்டாகப் பிரிந்து வடசேரி கோவலன் பக்கமும் தென்சேரி கண்ணகி பக்கமும் நின்று கொம்பை இழுக்கும். சினத்தை அவர்கள் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அதற்கு ஆண்டுதோறும் ஓர் இடம் கொடுத்துத் தணித்து அனுப்புகிறார்கள். முல்லைத்தீவு வற்றாப்பளையிலும் வைகாசியில்தான் பொங்கல். அங்கே கடல்நீரில் விளக்கெரிப்பது வழக்கம்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது வேறு. ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகம முறைப்படியான சைவ வழிபாட்டை நிலைநிறுத்தப் பாடுபட்டபோது, கண்ணகியைச் சமணச் செட்டிப் பெண் என்று கூறி அந்த வழிபாட்டை எதிர்த்தார். அதன் பிறகு அங்கே பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. நாவலரின் உரைநடைக்கும் அவர் நிறுவிய பாடசாலைகளுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. இந்த ஒரு விடயத்தில் என்னால் அவருடன் போக முடியவில்லை. கோயில் வாசலிலிருந்தே இறக்கப்பட்ட பெயரை வீட்டில் தொட்டிலுக்கு மேல் எழுதத் தயங்கியிருப்பார்கள். மாமியின் அச்சத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

8 மே, இரவு

'வீட்டைக் கொளுத்தும் பெயர்' என்பதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும் இடத்தை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். தீக்கடவுளிடம் கண்ணகி இடும் கட்டளை தெளிவாக இருக்கிறது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் சேர் என்கிறாள். கணவனைக் கொன்ற நகரின் நடுவில், தாங்க முடியாத துயரத்தில் நின்றபோதும், கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் தீங்கு நேரக்கூடாது என்று அவளுக்கு நினைவு இருந்தது. உங்கள் வீட்டில் இப்போது இருப்பவர்கள் ஒரு கைக்குழந்தையும் ஒரு மூத்தவரும்தான்.

கோவலன் மாண்டதன் காரணத்தையும் அந்த நூலே சொல்கிறது. முற்பிறப்பில் பரதன் என்ற பெயரோடு பிறந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழிசுமத்திக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் அது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கூறுகிறது. ஊழை நம்புகிறவர்களுக்கும் அங்கே விடை இருக்கிறது: வினை கோவலனுடையது, கண்ணகியின் பெயருடையது அல்ல.

9 மே

சிறு குறிப்பு. சென்னையில் சிலையையே அகற்றினார்களே என்று ஒருவர் நினைவூட்டினார். உண்மைதான். 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் வைக்கப்பட்ட கண்ணகி சிலை 2001 டிசம்பரில் எடுக்கப்பட்டது. லொறி மோதிப் பீடம் பழுதானது என்று காரணம் கூறப்பட்டது. சோதிடமும் வாஸ்துவுமே காரணம் என்று பலர் பேசினர். 2006இல் சிலை மீண்டும் அதே கடற்கரைக்கு வந்துவிட்டது. அதைக் கெட்ட சகுனமாக நினைவில் வைத்திருப்பவர்கள், திரும்பி வந்ததையும் சேர்த்து நினைவில் வைத்திருக்க வேண்டும்.

10 மே

மகள் பிறந்த பிறகு எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வசித்த சிங்கள மூதாட்டி பிள்ளை பார்க்க வந்தார். பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் இரு கைகளையும் கூப்பிவிட்டார். "பத்தினி மெணியோ" என்று சொல்லிப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டார். மாமி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிங்கள மக்களுக்குப் பத்தினித் தெய்வம் என்பவள் நம்முடைய கண்ணகிதான். கருவுற்ற பெண்களையும் கைக்குழந்தைகளையும் காப்பவள், அம்மை நோயைத் தணிப்பவள். பிள்ளை நோயிலிருந்து எழுந்தால், வயது முதிர்ந்த ஏழு தாய்மாரை வீட்டுக்கு அழைத்துப் பால்சோறு படைக்கும் கிரி அம்மா தானத்தை அந்த மூதாட்டியே எனக்கு விளக்கினார். கொழும்பிலிருந்து அவிசாவளைப் பக்கம் போகும் வழியில் நவகமுவையில் இருக்கும் பத்தினி தேவாலயத்தைக் கயவாகு மன்னனோடு தொடர்புபடுத்திச் சொல்வார்கள். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கைக் கயவாகு அங்கே இருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. துயர் கெடுத்து வரம் தருபவள் இவள் என்று தன் நாட்டில் பலிபீடம் அமைத்து ஆடி மாதத்தில் விழா எடுத்தான், மழை பொய்க்காமல் பெய்தது என்றும் அந்த நூலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கண்டி எசல பெரஹராவும் அதே பருவத்தில்தான் நடக்கிறது. அதில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்று பத்தினியுடையது. பெண்கள் ஆடிவருவதும் அந்தத் தேவாலய ஊர்வலத்தில்தான்.

தாலி நிலைக்காத பெயர் என்று அஞ்சுகிறவர்களுக்கு முக்கியமான செய்தி இனித்தான் வருகிறது. சிங்களவர் பத்தினிக்காகச் செய்யும் கம்மடுவச் சடங்குகளில் 'மரா இபெத்தீம' என்று ஒரு பகுதி உண்டு. அதில் கோவலன், அவர்கள் மொழியில் பாலங்க, கொல்லப்படுகிறான்; பத்தினி அவனை மீண்டும் உயிர்ப்பிக்கிறாள். கதையைத் துயரத்தோடு விட்டுவிட அந்த ஊர்மக்களுக்கு மனம் வரவில்லை. நம்முடைய நூலிலும் வெட்டுண்ட கோவலன் ஒரு கணம் எழுந்து, கண்ணகியின் கண்ணீரைத் துடைத்த பிறகே வானுலகம் போகிறான். அந்த இடத்தை நம்மில் பலர் வாசிப்பதே இல்லை. கொலைக்களத்தில் கதையை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பெயருக்குப் பலன் பார்க்கிறோம்.

அன்று மாமி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மாறிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மூதாட்டி வந்தால் பிள்ளையை அவர் மடியில் கொடுக்கத் தொடங்கினார், அவ்வளவுதான்.

11 மே

இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தேன். எல்லாம் பெயருக்கு ஆதரவாகவே இருக்கிறது. மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நன்மை செய்தவள் ஆகமாட்டேன்.

பெயரால் கெடுதல் வரவில்லை. ஆனால் பெயர் வைத்த நாளிலிருந்து உறவினர்கள் ஒரு கணக்குப் புத்தகம் எழுதத் தொடங்கினார்கள். மகளுக்குக் கொப்புளிப்பான் வந்தபோது அது பெயரின் பெயரில் பற்று வைக்கப்பட்டது. அவளுடைய அப்பாவுக்கு வேலை போனபோது அதுவும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல இடங்களில் சமையல் எரிவாயு வெடித்து வீடுகள் தீப்பிடித்த நாட்களில், பெரியம்மா ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பிள்ளையின் பெயரும் அப்படி, அடுப்பைக் கவனமாகப் பாருங்கள் என்றார். அவருடைய அன்பில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதே பிள்ளை பரிசு பெற்ற நாளில், அப்பாவுக்கு முந்தையதைவிட நல்ல வேலை கிடைத்த நாளில், எவரும் அந்தப் புத்தகத்தைத் திறந்து வரவு எழுதவில்லை.

அந்தப் பற்றுகளைக் காதால் கேட்டு வளர்பவள் பிள்ளை. பெயரைத் தேர்ந்தவள் நான். அரசவையில் ஏறி நின்று, சிலம்பை உடைத்து, அரசனே தவறு செய்தான் என்று காட்டிய பெண்ணின் பெயர் என் மகளுக்கு வேண்டும் என்று நான் விரும்பினேன். அது என்னுடைய விருப்பம், அவளுடையது அல்ல. அதனால் இப்படிப்பட்ட பேச்சு எழும் ஒவ்வொரு முறையும், பிள்ளை கேட்கும் இடத்திலேயே, அமைதியாக மறுத்துச் சொல்ல நீங்களும் கணவரும் இருவருமாக ஆயத்தமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் ஆயத்தம் என்றால் வேறு பெயர் தேடுவதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். வீட்டுக்குள்ளேயே பெற்றோர் இரண்டு பக்கமாக நின்றால் பிள்ளை தன் பெயரையே வழக்காகக் கருதத் தொடங்கும்.

திருமணப் பேச்சு வரும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டவருக்கு: பெயரைக் கேட்டே விலகிப்போகும் குடும்பம், அவளுடைய வாழ்வில் நேரும் ஒவ்வொரு சிறு இடறலுக்கும் அவளையே காரணம் காட்டும். அவர்கள் முன்கூட்டியே விலகுவது எங்களுக்கு நல்லது.

11 மே, சற்றுப் பின்னர்

மகளிடமே கேட்டேன், இந்தப் பெயர் உனக்குப் பிடிக்கிறதா என்று. பிடிக்கும், வகுப்பு இடாப்பில் மூன்று அபிநயாக்கள் இருக்கிறார்கள், ஆசிரியை என் பெயரைக் கூப்பிட்டால் நான் மட்டும்தான் எழுந்திருப்பேன் என்றாள். ஒரே ஒரு குறை உண்டாம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் போட்டால் கேட்காமலேயே அவளுக்குக் கண்ணகி வேடம் கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்குப் பாண்டியனாக நடிக்க ஆசை. தான் செய்தது பிழை என்று அறிந்தவுடன் ஒப்புக்கொள்கிறவன் அவன் ஒருவன்தானே அம்மா என்றாள்.

இதை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைகள் கதையில் எந்த இடத்தைத் தமக்கு என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதைப் பெயர் தீர்மானிப்பதில்லை.

13 மே

சித்திரையில் பிறந்த பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்பதையும் உங்கள் மாமி சேர்த்துக்கொண்டிருக்கிறார். நம் முன்னோரிடம் இத்தகைய அச்சங்களுக்கு ஒரு மாற்றும் இருந்தது என்பதை அவருக்கு நினைவூட்டலாம். பிள்ளைகள் தொடர்ந்து இறந்த வீடுகளில், அடுத்துப் பிறந்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். பிச்சை, குப்பை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைப்பார்கள். எமன் கேட்டால் இது வேண்டாத பிள்ளை என்று தோன்ற வேண்டும் என்பதற்காக. ஒரே மரபு ஒருபுறம் கெட்ட பெயர் பிள்ளையைக் கெடுக்கும் என்கிறது, மறுபுறம் கெட்ட பெயரே பிள்ளையைக் காக்கும் என்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அன்பு, ஒரே பயம். மாமியுடன் அந்த இடத்தில் நின்று கதையுங்கள்.

கடதாசியில் கண்மணி என்று எழுதிவிட்டு வீட்டில் கண்ணகி என்று அழைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. பிள்ளை ஊருக்குள் கொண்டு செல்லும் பெயர் நீங்கள் மனமார விரும்பியதாக இருக்கட்டும். வீட்டில் மாமி தம் வாயால் அச்சமின்றிக் கூப்பிட ஒரு பெயர் இருக்கட்டும். திருவாதிரையில் பிறந்தவளுக்கு ஆதிரை என்ற பெயர் ஏற்கெனவே காத்திருக்கிறது. மணிமேகலையின் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. கணவன் சாதுவன் கடலில் மாண்டான் என்ற பொய்ச் செய்தி கேட்டுத் தீயில் இறங்கினாள், தீ அவளைச் சுடவில்லை, சாதுவனும் உயிரோடு திரும்பி வந்தான். தாலியைப் பற்றி அஞ்சும் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான பெயரை என்னால் சொல்ல முடியாது.

எங்கள் மாமி இன்றுவரை என் மகளைக் கண்ணகி என்று அழைத்ததில்லை. "அம்மாளாச்சி" என்றுதான் கூப்பிடுகிறார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், புங்குடுதீவு அம்மனையும் அவர் அப்படியேதான் அழைக்கிறார்.

17 மே

துடக்குக் கழிவு நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பிள்ளையின் காதில் கண்ணகி என்று சொன்னதாகவும், மாமி ஆதிரை என்று அழைப்பதாகவும் படித்தேன். இரண்டையும் சேர்த்துப் பிறப்புச் சான்றிதழில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம், ஆனால் தகப்பன் பெயரும் முன்னால் வந்து நிற்கும்போது பெயர் நீண்டுவிடும். பரீட்சைத் தாள், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகச் சுருக்கப்பட்டுப் பின்னர் சத்தியக்கடதாசி முடிக்க அலைய நேரும். ஆதலால் கண்ணகியை மட்டும் பதியுங்கள்.

பதிவாளரிடம் தகவல் கொடுக்கப் பிறந்த நாளிலிருந்து 42 நாட்கள் உண்டு. மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகிவிடும். போகும் முன் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தெளிவாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழில் ஒரு 'கி' போதும். மற்ற இரண்டு மொழிகளிலும் எந்த ஒலி என்று முடிவு செய்தாக வேண்டும், இரண்டிலும் ஒரே ஒலியாக இருக்க வேண்டும். எங்களுக்குச் சிங்களத்தில் 'கே' எழுத்தின் ஒலியும் ஆங்கிலத்தில் 'ஜி' எழுத்தும் விழுந்துவிட, பாடசாலை அனுமதிக்கு இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று கடிதம் வாங்க வேண்டி வந்தது. பதிவாளர் எழுதி முடித்ததும், கையொப்பம் இடுவதற்கு முன், ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.